செத்தவன் தரை துடைக்கிறான்

"பதினொரு பேரைச் சாக்காட்டின கை. அதைக் கண்டால் குலுக்கிறதோ, கும்பிடுறதோ? நீர் இப்பவே சொல்லும் அன்ரனெற். பேந்து மரியாதை தெரியாதவன் எண்டு என்னைச் சொல்லக்கூடாது."

றெமிஜியஸ் இரண்டு கைகளையும் விட்டுக் கும்பிட்டுக் காட்டினார். கார் 401 நெடுஞ்சாலையில் நூற்றுப் பத்தில் போய்க்கொண்டிருந்தது.

"ஸ்டியரிங்கைப் பிடியுங்கோ றெமி அண்ணை. பன்னிரண்டாவது ஆள் நானாகிப் போவன்."

"நான் டாக்ஸி ஓடின இருபத்தாறு வருசத்திலை ஒருத்தரும் சாகேல்லை. ரெண்டு பேர் கடவுளைக் கும்பிட்டவை, பயத்திலை. அவ்வளவுதான்."

அன்ரனெற் சிரிக்கவில்லை. நவம்பர் மாதக் காலை, வானம் கழுவாத சட்டி மாதிரிக் கிடந்தது. பத்தொன்பது வருடம் ரொறன்ரோ நகரக் கந்தோர்களில் தரை துடைத்து, முழங்கால் இரண்டும் போன பிறகு துப்பறியும் லைசென்ஸ் எடுத்தவர் அவர். கதிரையில் இருந்து படித்த படிப்பு அல்ல. ஆள் போன பிறகு அறையைப் பார்த்து, ஆள் எப்படிப்பட்டவர் என்று சொல்லப் பழகியவர். றெமிஜியஸ் அவருக்குச் சாரதி, உதவியாள், வாய்.

மடியில் கிடந்த குறிப்புப் புத்தகத்தில், இந்த வேலையைக் கொடுத்த ரதி சொன்னது எழுதியிருந்தது.

ரதிக்கு ரொறன்ரோவின் கிழக்கு ஓரத்தில், ரூஜில் வீடு. எண்பத்தெட்டில் அவர் எட்டு மாதக் குழந்தையோடு ரொறன்ரோவில் இருந்தார். புருசன் ஜெயரட்ணம் அமெரிக்கா வழியாக வந்து, கனடாவுக்குள் வர எல்லை அதிகாரிகளிடம் திகதி கேட்டுவிட்டு, பஃபலோவில் ஒரு அகதிகள் விடுதியில் காத்திருந்தார். சும்மா இருக்க ஏலாமல் ஒரு இத்தாலியன் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவப் போனார். போனவர் ஒரு நாள் காணாமற் போனார்.

அந்தக் கடை மாஃபியாவின் கடை. அந்தக் கூட்டத்துக்குக் கொலை செய்து கொடுத்தவன் விற்றோ. பொலிசில் பிடிபட்டதும் தன் தலையைக் காப்பாற்ற முதலாளிமாரை எல்லாம் காட்டிக் கொடுத்தான். நீதிமன்றத்தில் சத்தியம் பண்ணிப் பதினொரு கொலைகளை ஒப்புக்கொண்டான். பத்தாவது கொலையை ஒரு கோப்பை கழுவுகிறவன் குசினி யன்னலால் கண்டுவிட்டான். அவன்தான் பதினோராவது. பெயர் ஜெயரட்ணம். உடம்பு ஏரிக்குள். அரசாங்கம் விற்றோவுக்குப் புதுப் பெயர் கொடுத்து ஒளித்து வைத்தது.

இதெல்லாம் ரதிக்கு இந்த வருடம்தான் தெரியும். மகள் நிலாணி இன்ரநெற்றில் அந்த வழக்குக் காகிதத்தைக் கண்டுபிடித்தாள். காகிதத்தில் மாதம் இருந்தது, நாள் இல்லை.

"அந்தாள் செத்தது மெய்யோ?" என்று ரதி கேட்டிருந்தார். "மெய்யெண்டால் என்ன நாள்? கடைசியாக ஒரு செவ்வாய்க்கிழமை எடுத்தவர். கிழமையிலை ஒருக்கால், பின்னேரம் ஏழு மணிக்கு விடுதிப் போனிலை எடுப்பார். அண்டைக்கு அமெரிக்காவிலை எலெக்சன். ஏழரை மட்டும் கதைச்சவர். பிள்ளை இருமினதைக் கேட்டு, கோழிச்சூப்புக் குடு எண்டவர். அதோடை சரி. முப்பத்தெட்டு வருசமாப் பொட்டை வைக்கிறதோ அழிக்கிறதோ எண்டு தெரியாமல் கண்ணாடிக்கு முன்னாலை நிக்கிறன்."

விற்றோ எங்கே என்று கண்டுபிடிக்க எந்தக் கெட்டித்தனமும் தேவைப்படவில்லை. தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நிற்கும்போது கிளடிஸ் சொன்னாள். கிளடிஸுக்கு விட்பியில் ஒரு முதியோர் இல்லத்தில் வயசாளிகளைக் குளிப்பாட்டிச் சாப்பாடு தீத்துகிற வேலை.

"அக்கா, எங்கடை இடத்திலை மிஸ்டர் ஹோல் எண்டு ஒரு கிழவன். நித்திரையிலை ஒரு தமிழ்ப் பேரைச் சொல்லி அழும். எங்கடை சுப்பர்வைசர் என்ரை பேரையே ஒழுங்காச் சொல்ல மாட்டா. உந்தக் கிழவன் ஜெயரட்ணம் எண்டு ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லும்."

சத்தியம் பண்ணிச் சொன்ன பெயர் பிசகாதுதான்.

*

மூன்றாம் மாடி, கடைசி அறை. கிழவனுக்கு எண்பத்தாறு வயது. போர்வைக்கு வெளியே கிடந்த கைகள் பெரியவை. இப்போது அவை சும்மா நடுங்கிக்கொண்டிருந்தன. றெமிஜியஸ் அவற்றைக் கண்டதும் தன் கைகளைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கிழவன் பேசியது ஆங்கிலம். அன்ரனெற் அதைத் தமிழில்தான் குறித்துக்கொண்டார். இங்கே இருப்பது அந்தக் குறிப்பு.

"ஜெயரட்ணத்தின் மனைவி அனுப்பி வந்திருக்கிறேன்" என்றார் அன்ரனெற்.

கிழவன் பயப்படவில்லை. ஆச்சரியப்பட்டான்.

"மனைவியை ஏன் அனுப்ப வேண்டும்? இன்று காலையும் அவனே வந்து போனானே."

"யார்?"

"நான் கொன்றவன். தினமும் வருகிறான். தரை துடைக்கிறான். போகிறான்."

றெமிஜியஸ் அன்ரனெற்றின் காதுக்குள் குனிந்தார். "செத்தாப் பிறகும் எங்கடை ஆக்களுக்கு உதே வேலைதான் போல."

"பொறுங்கோ அண்ணை." அன்ரனெற் கதிரையை இழுத்துக் கட்டிலுக்குக் கிட்டப் போட்டார். "என்ன செய்வான்? விபரமாகச் சொல்லுங்கள்."

"கதவில் தொடங்குவான். துடைத்துத் துடைத்து என்னை நோக்கி வருவான். கட்டில்வரை வந்ததும் நிறுத்துவான். மொப்பைப் பிடித்துக்கொண்டு அங்கே, அந்த மூலையில் நிற்பான். என்னைப் பார்ப்பான். பத்து நிமிடம். பிறகு போய்விடுவான். நாலு வருடமாக ஒரு சொல் பேசவில்லை. முதல் நாள் என்னைக் கொல்ல வந்தான் என்று நினைத்தேன். கொன்றிருந்தால் நல்லது." கிழவன் அந்த மூலையைத் திரும்பிப் பார்த்தான். "அம்மா, செத்தவன் நரைக்கக் கூடாது. எனக்கு மற்றப் பத்துப் பேரும் கனவில் வருவார்கள். அவர்கள் அன்றைக்கு இருந்த மாதிரியே வருவார்கள். இவன் மட்டும் நரைத்துக்கொண்டே வருகிறான்."

சுடுகாற்றுக் குழாய் இரைந்தது.

"எந்த நாள் கொன்றீர்கள்?"

"ஜனாதிபதித் தேர்தல் நாள். செவ்வாய்க்கிழமை. கடையில் எல்லோரும் டிவியைச் சுற்றி நின்றார்கள். அதனால்தான் அந்த நேரம் பார்த்தேன். கோயில் மணி ஏழு அடித்தது."

அன்ரனெற்றின் பேனை நின்றது.

"ஏழு?"

"ஏழு. பின்கதவு. பனி கொட்டியது. குப்பைப் பையோடு வெளியே வந்தான். தலையில் கம்பளித் தொப்பி, வாயை மூடிச் சால்வை. நீ ஜெயரட்ணமா என்று கேட்டேன். யெஸ் சேர், ஜெயரட்ணம் சேர் என்றான். அட்டையை நான் கேட்கவே இல்லை. பையைக் கீழே போட்டுவிட்டு வேலை அட்டையை எடுத்து நீட்டினான். என் வாழ்க்கையில் கொல்லப் போன இடத்தில் அட்டை நீட்டியவன் அவன் ஒருவன்தான். அதை வாங்கிப் பார்த்தேன். பெயர் சரி."

"முகத்தைப் பார்த்தீர்களா?"

"இருட்டு. பிறகு பார்க்க விரும்பவில்லை. முகம் எனக்கு முதலே தெரியும். அதற்கு முதல் சனிக்கிழமை குசினி யன்னலில் பார்த்த முகம். இப்போது வந்து துடைக்கிறதும் அதே முகம்."

அன்ரனெற் எழும்பினார். முழங்கால் முறிகிற சத்தம் கேட்டது. தரையைக் குனிந்து பார்த்தார். ஈரம் காய்ந்த கோடுகள் இன்னும் மெல்லிதாகத் தெரிந்தன. கதவடியில் தொடங்கி, வளைந்து வளைந்து, கட்டிலின் தலைமாட்டு மூலையில் போய் முடிந்திருந்தன.

நடைபாதைக்கு வந்ததும் றெமிஜியஸ் வாயைத் திறந்தார்.

"எலெக்சன் நாள் எண்டால் திகதி எடுக்கலாம். கேஸ் முடிஞ்சுது. ரதி அக்காவுக்கு அந்தாள் செத்த நாள் கிடைச்சிட்டுது. வாரும், கோப்பி குடிப்பம்."

"அண்டைக்கு ஏழு மணிக்கு ஜெயரட்ணம் எங்கை நிண்டவர்?"

"கடையின்ரை பின்கதவிலை... பொறும், பொறும். ரதி அக்காவோடை போனிலை!"

"ஏழரை மட்டும்."

றெமிஜியஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அப்ப வெளியிலை நிண்டது ஆர்? யெஸ் சேர் எண்டு சொன்னவன் ஆர்?"

"நீங்கள் வந்த புதுசிலை ஆற்றை அட்டையிலை வேலை செய்தனீங்கள்?"

"எனக்கு விசா வரமுதல், என்ரை மச்சான்ரை அட்டையிலை பேக்கரிக்குப் போனன். மச்சான் பகல், நான் இரவு. முதலாளிக்கு ரெண்டு பேரும் ஒரே ஆள்தான். எங்கடை மூஞ்சையள் எல்லாம் அவனுக்கு ஒண்டு. ஆரும் கோட்டுப் போட்டவன் கண்டுட்டால் கேக்கமுதல் அட்டையை நீட்டிப்போட்டு, மச்சான்ரை பேரைச் சொல்ல வேணும்." சொல்லிக்கொண்டே போனவர் நின்றுவிட்டார். அவர் முகம் மாறியது. "ஐயோ அன்ரனெற். அவன் இமிக்கிரேசன்காரன் எண்டு நினைச்சிட்டான்."

"சொந்தப் பேர்க்காரன் அட்டையைத் தேடுவான் அண்ணை. இரவல் பேர்க்காரன்ரை கையிலைதான் அது ஆயத்தமா இருக்கும்."

"அப்ப தரை துடைக்கிறது..."

"ஆவி இல்லை. நான் பத்தொன்பது வருசம் மொப் பிடிச்சனான். உள்ளுக்குள்ளை தொடங்கிக் கதவடியிலை முடிக்கிறதுதான் முறை. கதவிலை தொடங்கினால் ஈரத்துக்குள்ளை நாங்கள் மாட்டிக்கொள்ளுவம். காயுமட்டும் வெளியாலை வரேலாது. இந்த மனுசன் நாலு வருசமா வேணுமெண்டே மாட்டிக்கொள்ளுறார். அந்த மூலையிலை பத்து நிமிசம் நிக்கிறதுக்கு."

*

வேலையாட்கள் சாப்பிடும் அறையில் கிளடிஸ் கோப்பிப் பேணியைக் கையில் வைத்துச் சூடு பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மூண்டாம் மாடி துடைக்கிறதோ? அது யோசப் அண்ணை. மன்னார் ஆள். நல்ல மனுசன், வாய் திறவாது. கிழவன்ரை அறையை ஆரும் மாறிக் கேட்டாலும் குடுக்க மாட்டார்."

"எங்கடை கோயிலுக்கு வாறவரோ?"

"காணேல்லை. என்னக்கா, பெண் பாக்கிறியளோ? தனியாள்தான். இப்ப சாப்பாடும் இல்லை. இண்டைக்கும் எங்களோடை வேலை செய்யிற ஷாமிலாவின்ரை பேத்டே றோல்ஸ் குடுத்தன், தொடேல்லை. வயிறு சரியில்லையாம். ஒவ்வொரு வருசமும் உந்தக் குளிர் தொடங்க, சரியா ஆறு நாளைக்கு அந்தாளுக்கு வயிறு கெடும். பால் மட்டும்தான் குடிப்பார். ஏழாம் நாள் பாத்தால் சுகம்."

"போன வருசமும் நொவெம்பரிலையோ?"

"இல்லை, போன வருசம் ஒக்ரோபர் கடைசியிலை. ஹலோவீனுக்கு முதல்."

கிளடிஸ் போன பிறகு றெமிஜியஸ் மேசையில் இருந்த ஆட்டிறைச்சி றோல்ஸ் ஒன்றை எடுத்துக் கடித்தார். "நானும் கத்தோலிக்கன்தான். பிறையைப் பாத்து என்ரை வயிறு ஒரு நாளும் கெட்டதில்லை."

*

துப்புரவுச் சாமான் வைக்கிற அறை நிலக்கீழ்த் தளத்தில் இருந்தது. ஒரு குழல் விளக்கு. நீலச் சட்டை போட்ட மெலிந்த மனிதர் ஒருவர் வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சில் யோசப் என்று பெயர்த்தகடு. அறுபத்தைந்து, அறுபத்தாறு வயது இருக்கும்.

"ரதி அக்கா அனுப்பி வந்தனாங்கள்" என்றார் அன்ரனெற்.

"எந்த ரதி? எனக்கு அப்பிடி ஒருத்தரையும் தெரியாது."

"அதை விடுங்கோ" என்று றெமிஜியஸ் சாதாரணமாக இடையில் புகுந்தார். "அண்ணை, இண்டைக்குச் சஷ்டியிலை எத்தினையாம் நாள்?"

"நாலாம்..."

அவ்வளவுதான். அந்த மனிதர் தன் வாயைத் தானே கையால் பொத்தினார். பிறகு கவிழ்த்த வாளியின் மேல் இருந்துவிட்டார். குழாயில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எப்பிடி இருக்கிறா?" என்று கேட்டார்.

"இருக்கிறா. பிள்ளைக்கு முப்பத்தெட்டு வயசு. நீங்கள் ஏன் போகேல்லை?"

ஜெயரட்ணம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நானும் விடுதியிலை என்னோடை இருந்த யோசப்பும் என்ரை பேரிலை இருந்த ஒரு அட்டையிலைதான் வேலை செய்தனாங்கள். சில நாள் நான், சில நாள் அவன். எலெக்சன் அண்டைக்கு என்ரை முறை. ஏழு மணிக்கு ரதியோடை கதைக்க வேணும் எண்டதுக்காக, மச்சான் எனக்குப் பதிலா நீ போ எண்டு கெஞ்சினன். பிள்ளையின்ரை குரலைக் கேட்டிட்டு வா எண்டு சிரிச்சுக்கொண்டு போனவன். நான் பிள்ளை இருமினதைக் கேட்டுக்கொண்டு நிக்க, அவனை அங்கை..."

அவர் நிறுத்தினார். இப்படியான நேரத்தில் இடையில் கேள்வி கேட்கக்கூடாது என்று அன்ரனெற்றுக்குத் தெரியும்.

"அண்டிரவு அவன் வரேல்லை. ஜெயரட்ணத்தைத் தூக்கிட்டாங்கள் எண்டு கடையிலை வேலை செய்த சீனப் பொடியன் வந்து சொன்னான், என்ரை மூஞ்சையைப் பாத்துக்கொண்டே. யோசப்பின்ரை எல்லைத் திகதி மூண்டு நாளாலை. அவன்ரை காகிதத்தோடை நான் எல்லைப் பாலம் கடந்து கனடாவுக்கு வந்திட்டன். ஒரு வருசம் ஒளிச்சிருப்பம் எண்டு நினைச்சன். ஜெயரட்ணம் உயிரோடை எண்டு தெரிஞ்சால் ரதியைத் தேடி வருவாங்கள் எண்டு பயம். பிறகு பயம் போட்டுது. ஆனால் போனைக் கையிலை எடுத்தால், அவளின்ரை குரலுக்குப் பின்னாலை அந்தப் பின்கதவு தெரியும்."

"இந்தக் கிழவனை?"

"நாலு வருசத்துக்கு முதல் இஞ்சை கொண்டு வந்து கிடத்தினவை. சனிக்கிழமை யன்னலாலை கண்ட மூஞ்சை. மறக்குமோ? பழிவாங்கத்தான் முதல் நாள் போனன். போய் நிண்டாப் பிறகுதான் விளங்கிச்சுது. யோசப் செத்தது தெரிஞ்ச ஆள் இந்த உலகத்திலை நான் ஒராள். மற்றது அவன். அவனுக்கும் பேர் பிழையாத்தான் தெரியும். யோசப்பை நினைச்சு நிக்கிறதுக்கு எனக்கு வேறை இடம் இல்லை."

றெமிஜியஸ் சுவர்ப் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்தார். "உந்த பிளீச் மணம் எனக்கு ஒத்து வராது" என்றார்.

"சரி" என்றார் அன்ரனெற். "இப்ப ரதி அக்காவுக்கு என்ன சொல்ல?"

"நான் செத்திட்டன் எண்டு சொல்லுங்கோ. நொவெம்பர் எட்டு. அவள் செய்ய வேண்டியதைச் செய்யட்டும்."

"பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை."

"உங்களுக்கு விளங்கேல்லைத் தங்கச்சி!" அவர் எழும்பிவிட்டார். "யோசப்புக்கு மன்னாரிலை ஒரு தங்கச்சி, றெபேக்கா. அவன் வெளிக்கிடேக்கை அவளுக்கு ஆறு வயசு. தாய் தேப்பன் இல்லை. அண்ணன் வருவான் எண்டு கிடந்த பிள்ளை. நான்தான் கடுதாசி போட்டன், அவன்ரை பேரிலை. சண்டை முடிஞ்சாப் பிறகு போன். குரல் அவளுக்கு ஞாபகம் இல்லை. வீடியோவிலை வரமாட்டன், கமரா பழுது எண்டு சொல்லுவன். அவளின்ரை கலியாணத்துக்கு நான்தான் ஓம் சொன்னனான். மூத்த பிள்ளைக்கு ஷரோன் எண்டு பேர் வைச்சது நான். அவளுக்கு இண்டைக்கும் ஒரு அண்ணன் கனடாவிலை இருக்கிறான். நான் ஜெயரட்ணமா எழும்பினால், அந்த அண்ணன் இண்டைக்குச் சாக வேணும். ரதி எனக்காக அழுது முடிச்சிருப்பாள் தானே?"

"முடிக்கேல்லை. தொடங்கவே இல்லை. தினமும் பொட்டு வைச்சுக்கொண்டு நிக்கிறா."

அவர் வாளியில் திரும்பவும் இருந்தார்.

அன்ரனெற் தன் போனை எடுத்து ரதியின் இலக்கத்தை அமத்தினார். ஸ்பீக்கரில் போட்டார். ஜெயரட்ணம் வேண்டாம் என்று கை காட்டினார். அன்ரனெற் பார்க்காத மாதிரி நின்றார். ஐந்து நிமிடத்தில், கூட்டாமல் குறையாமல், எல்லாவற்றையும் ரதிக்குச் சொன்னார். யோசப்பையும் சொன்னார். றெபேக்காவையும் சொன்னார். ஜெயரட்ணம் பக்கத்தில் இருப்பதையும் சொன்னார்.

லைன் அறுந்துவிட்டதோ என்று றெமிஜியஸ் போனை எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை இருமின நாள்" என்றார் ரதி கடைசியில். அழவில்லை. மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது. "அந்தாள் கேட்டுக்கொண்டு இருக்கிறாரோ?"

"ஓம் அக்கா."

"என்னோடை கதைக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. இப்ப வேண்டாம். எனக்கு ஒருத்தரும் சொல்லாமல் விட்டதாலை நான் என்ன பாடு பட்டனான் எண்டு எனக்குத் தெரியும். மன்னாரிலை இருக்கிற அந்தப் பிள்ளைக்கு முதல் சொல்லட்டும். தன்ரை வாயாலை சொல்லட்டும். அதைச் சொல்லிப்போட்டு வாற மனுசனோடைதான் நான் கதைப்பன்."

லைன் அறுந்தது.

குழல் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. ஜெயரட்ணம் தன் போனை எடுத்தார். மன்னாரில் இப்போது இராச் சாப்பாட்டு நேரம். இலக்கத்தை அமத்த அவருக்கு மூன்று தரம் பிழைத்தது. பிறகு றெமிஜியஸ் போனை வாங்கி, அவர் சொல்லச் சொல்ல அழுத்தி, அவர் கையில் திருப்பி வைத்தார்.

மணி இரண்டு தரம்தான் அடித்தது.

"அண்ணா!" ஒரு பெண்ணின் குரல், சிரித்துக்கொண்டே. பின்னால் பிள்ளைகளின் சத்தம், சட்டி வைக்கிற சத்தம். "ஞாயிற்றுக்கிழமையிலைதானே எடுக்கிறனீங்கள்? இண்டைக்கு என்ன புதினம்? வேலைக்குப் போகேல்லையோ? சாப்பிட்டீங்களோ?"

அவர் எழும்பி நின்றார். நெஞ்சில் இருந்த பெயர்த்தகட்டைக் கழற்றிக் கைக்குள் பொத்திப் பிடித்தார்.

"தங்கச்சி" என்றார். "வீட்டிலை இப்ப உன்னோடை ஆர் நிக்கினம்?"

"ஏன் அண்ணா கேக்கிறீங்கள்? இவர் நிக்கிறார்."

"அவரை உனக்குப் பக்கத்திலை வந்து இருக்கச் சொல்லு அம்மா."

அந்தப் பக்கத்தில் சிரிப்பு நின்றது.